தராசு யார் கையில்?

"நம்முடைய ஆட்களை நம்பக் கூடாது, மாஸ்டர். கம்பெனிக்காரனிடம் மெஷின் இருக்கிறது, பில் இருக்கிறது, அங்கே ஏமாற்று நடக்காது" என்று சொல்லும் நண்பர்கள் எனக்குப் பலர் உண்டு. அவர்களிற் சிலர் வர்க்க பேதத்தைப் பற்றி மாணவர்களுக்கு மணிக்கணக்காக விளக்குகிறவர்கள். அதே நண்பர்கள், டயர் மாற்றவும் சக்கரம் நேராக்கவும் கண்டி நகரத்துக் கிளைக் கராஜ் ஒன்றுக்குப் போய், ஒரு மாதச் சம்பளத்தைப் பறிகொடுத்துத் திரும்பினால், நீலச் சட்டை போட்ட பையனைத்தான் திட்டுகிறார்கள். கம்பெனி யோக்கியம், பையன் கள்ளன்! இதுதான் அவர்களுடைய சித்தாந்தம். இதை மறுப்பதற்காகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

டயரும் சக்கரமும் இலக்கியப் பத்திரிகையில் பேசத்தக்க விஷயமா என்று முகம் சுளிப்பவர்கள் புசல்லாவைக்கு ஒருமுறை வந்து போகட்டும். பேராதனையிலிருந்து கம்பளை, புசல்லாவை, ரம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் இந்தப் பாதையில் ஒரு பக்கம் வெட்டி நிறுத்திய மலை. மறுபக்கம் கொத்மலைப் பள்ளத்தாக்கு. 2025ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் திகதி, இதே பாதையில் கரண்டி எல்லைக்கு அருகே ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்குக் காரணம் டயர் என்று நான் சொல்ல வரவில்லை. இந்தப் பாதையில் ஒரு பிசகு என்ன விலை கேட்கும் என்பதை மட்டுமே நினைவூட்டுகிறேன். தோட்டத்துப் பிள்ளைகள் காலையிலும் மாலையிலும் இதில்தான் வான்களில் நெருக்கியடித்துக்கொண்டு பாடசாலைக்குப் போய் வருகிறார்கள்.

அப்படியொரு வானின் சாரதியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். எங்கள் பாடசாலைக்கு 14 பிள்ளைகளைக் கொண்டுவந்து இறக்கும் இளைஞர். அவருடைய வான் சில வாரங்களாக இடது பக்கம் இழுத்தது. என் நண்பர்களின் உபதேசத்தைக் கேட்டு, கண்டியில் ஒரு பெரிய கிளைக் கராஜுக்குப் போனார். கண்ணாடிக் கதவு, குளிரூட்டிய அறை, தேநீர், பத்திரிகை எல்லாம் கிடைத்தன. அரைமணி நேரத்தில் ஒரு தாளும் கிடைத்தது. நான்கு டயர்களும் மாற்ற வேண்டும். முன்பக்கத்து போல் ஜொயின்ட் இரண்டும் போய்விட்டன. ஷொக் அப்சோபர்கள் போய்விட்டன. இவற்றையெல்லாம் மாற்றிய பிறகே எலைன்மென்ட். "செய்யாமல் ஓட்டினால் நாங்கள் பொறுப்பில்லை, பிள்ளைகள் ஏறுகிற வண்டி" என்ற எச்சரிக்கையும் கூடவே வந்தது. அந்தத் தொகை அவருடைய இரண்டு மாத வருமானத்தையும் தாண்டியது. அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

11 நாள் கழித்து, கம்பளைப் பாதையோரத்தில் சிறு கராஜ் வைத்திருக்கும் சிங்கள பாஸ் ஒருவரிடம் வண்டியைக் காட்டினார். அவர் சக்கரங்களைத் தூக்கி நிறுத்திக் கையால் ஆட்டிப் பார்த்தார். ஜொயின்ட் இறுக்கமாக இருந்தது. ஷொக் அப்சோபரில் எண்ணெய்க் கசிவில்லை. பின்பக்கத்து டயர்கள் இரண்டும் இன்னும் நெடுநாள் ஓடும். ஆனால் முன்பக்கத்து இடது டயரைக் கழற்றி உட்பக்கச் சுவரில் கையை வைத்ததும் பாஸின் முகம் மாறிற்று. குழியில் மோதி உள்நூல் அறுந்து, அந்த இடம் முட்டையளவு புடைத்திருந்தது. எந்த நேரத்திலும் வெடிக்கக்கூடிய டயர்!

இந்த இடத்தில் வாசகர் சற்றே நின்று யோசிக்க வேண்டும். கிளைக் கராஜ் சொன்ன நான்கு டயர்களில் இந்த டயரும் ஒன்று. அதாவது, அந்தப் பொய்க் கட்டுக்குள் உயிர்போகும் ஓர் உண்மையும் இருந்தது. எந்த டயர், ஏன், என்று பிரித்துச் சொல்லாமல், விற்பனைக்காக எல்லாவற்றையும் அபாயம் என்று சொன்னார்கள். கேட்டவர் விற்பனையை மணந்து கண்டுகொண்டார். எல்லாவற்றையும் பொய் என்று ஒதுக்கினார். 11 நாள், நாளுக்கு இரண்டு தடவை, 14 பிள்ளைகள் அந்த வீங்கிய டயரின் மேல் மலை ஏறி இறங்கினார்கள். பணம் போவது ஒரு நஷ்டம். அது திரும்பியும் வரலாம். உண்மையான எச்சரிக்கையையும் நம்ப முடியாதபடி மனிதனை ஆக்கிவிடுவது அதைவிடப் பெரிய கொள்ளை அல்லவா?

சக்கரத்தை நேராக்குதல் என்பது மந்திர வித்தை அல்ல. மேலிருந்து பார்க்கையில் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருப்பது ஒரு கோணம். முன்னின்று பார்க்கையில் சாய்ந்து நிற்பது ஒன்று. ஸ்டியரிங் திரும்பும் அச்சு முன்பின்னாகச் சரிந்திருப்பது ஒன்று. ஒவ்வொரு வாகனத்துக்கும் இவற்றுக்கு இவ்வளவு முதல் இவ்வளவு வரை என்று தயாரிப்பாளர் வகுத்த எல்லை உண்டு. அதற்குள் நின்றால் ஒரு வேலையும் தேவையில்லை. மூட்டு ஆடினால் முதலில் மூட்டைப் பார்க்க வேண்டும். காற்றுச் சமமாக இல்லாவிட்டாலும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். டயரின் வயதும் அதன் பக்கச் சுவரிலேயே நான்கு இலக்கங்களில் எழுதியிருக்கிறது: 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் பிறந்தது. இவ்வளவுதான் சங்கதி. ஆனால் வாடிக்கையாளனுக்கு இவற்றில் எதுவும் சொல்லப்படுவதில்லை. அவனுக்குக் காட்டப்படுவது ஒரு திரை. சிவப்பு எரிந்தால் பயப்படுகிறான். பச்சை எரிந்தால் பணம் கொடுக்கிறான்.

'மெஷின் பொய் சொல்லாது' என்கிறார்கள். உண்மை. தோட்டத்துத் தராசும் பொய் சொன்னதில்லை. கொழுந்து நிறுக்கையில் கூடைக்கென்று கொஞ்சம், ஈரத்துக்கென்று கொஞ்சம் கழித்தது தராசு அல்லவே? முள்ளைப் பார்க்கும் உரிமையும் எண்ணை எழுதும் உரிமையும் எவன் கையில் இருந்தனவோ, அவன் கழித்தான். நம் தாய்மார் இதைப் படித்துத் தெரிந்துகொண்டவர்கள் அல்லர். கூடையோடு நின்று தெரிந்துகொண்டவர்கள்.

நான் சொல்வது மலைநாட்டுக் காழ்ப்பு என்று எவரும் எண்ண வேண்டாம். அமெரிக்காவுக்குப் போவோம். அங்கே சியர்ஸ் என்ற மாபெரும் நிறுவனம் ஊரூராகக் கராஜ்களை நடத்திவந்தது. 1990களின் தொடக்கத்தில் கலிபோர்னியா மாநில அரசு, பிரேக்கில் ஒரு சிறு வேலை மட்டுமே தேவைப்படும்படி ஆயத்தம் செய்த கார்களைத் தன் ஊழியர்களிடம் கொடுத்து, சாதாரண வாடிக்கையாளர்களைப் போல அங்கே அனுப்பிற்று. 38 தடவை போனதில் 34 தடவை வேண்டாத வேலை அவர்கள் தலையில் கட்டப்பட்டது. விசாரித்தபோது வெளிவந்த செய்தி என்ன? வாடிக்கையாளருக்கு ஆலோசனை சொல்லும் ஊழியர்களுக்கு, ஒரு வேலைநேரத்தில் இத்தனை எலைன்மென்ட், இத்தனை ஸ்பிரிங், இத்தனை பிரேக் வேலை விற்க வேண்டும் என்று கணக்கு வகுக்கப்பட்டிருந்தது. கூலி கொமிஷனாகக் கொடுக்கப்பட்டது. கணக்கை எட்டாதவர்களுக்கு வேலைநேரம் குறையும், இடமாற்றம் வரும் என்று ஊழியர்களே சொன்னார்கள். ஏமாற்றும்படி தாங்கள் எவரிடமும் சொல்லவில்லை என்றது நிர்வாகம். ஆனால் அந்தக் கொமிஷனையும் கணக்கையும் கைவிடுவதாக அறிவிக்க வேண்டியதாயிற்று. வழக்குகளைத் தீர்க்க ஏறத்தாழ 6 கோடி டொலர் செலவாயிற்று. ஆயிரக்கணக்கான அமெரிக்கத் தொழிலாளர் ஒரே நாளில் கள்ளராய்ப் பிறந்தார்களா, என் நண்பர்களே?

மேற்சொன்ன வான் சம்பவத்துக்குப் பிறகு நான் தனியே அந்தக் கிளைக்குப் போனேன். அங்கே வேலைசெய்யும் இளைஞர்களில் ஒருவன் என் பழைய மாணவன். எதிர்த் தேநீர்க் கடையில் உட்கார்ந்து பேசினோம். அடிப்படைச் சம்பளம் கொஞ்சம். மிச்சம் எல்லாம் மாற்றிய உதிரிப்பாகத்தைப் பொறுத்தது. பின்னறையில் ஒரு பலகை, அதில் பெயர்கள், பெயர்களுக்கு எதிரே எண்கள். "பொய் சொல்லச் சொல்லி எங்களிடம் யாரும் சொன்னதில்லை, சேர்" என்றான். "எண்ணிக்கையை மட்டும்தான் சொல்லுவார்கள்."

அவனுடைய தாயாரை நான் அறிவேன். தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். நிர்ணயித்த இறாத்தல் சேராத நாளில் முழு நாளும் மலையில் நின்றவருக்கு 'அரைப் பேர்' விழும். பேர் விழ வேண்டுமென்பதற்காக முற்றல் இலையையும் கூடையில் போட்டால், அதற்கும் ஏச்சு விழும். 1,000 ரூபாய் நாட்சம்பளம் என்ற கோரிக்கை 2015 முதல் எழுப்பப்பட்டு, 2021இல்தான் வர்த்தமானியில் ஏறிற்று என்பதை நாம் மறக்கவில்லை. அந்த வாழ்க்கை வேண்டாம் என்று நகரத்துக்கு ஓடிவந்த மகனுக்கும் அதே அரைப் பேர்தான் காத்திருந்தது. தாய் முற்றல் இலையைக் கூடையில் போட்டாள். மகன் வேண்டாத ஜொயின்டைப் பில்லில் போடுகிறான். இருவருக்கும் கணக்கு எழுதுகிற கை ஒன்றே.

இனி மறுதரப்பார் வாதத்துக்கு வருவோம். கொமிஷன் இல்லாவிட்டால் எவன் சுறுசுறுப்பாக வேலை செய்வான் என்று கேட்பார்கள். ஆசிரியர்களே, உங்களிடமே கேட்கிறேன்: பரீட்சைத் தாள் திருத்துகிறவருக்கு, சித்தியடையாத ஒவ்வொரு மாணவனுக்கும் இவ்வளவு என்று கூலி கொடுத்து, அவரே மாலையில் டியூஷன் வகுப்பும் நடத்தலாம் என்று சட்டம் செய்தால், நாட்டில் எத்தனை பிள்ளைகள் சித்தியடைவார்கள்? (நம்மில் சிலர் அந்தச் சட்டம் இல்லாமலே அதற்குப் பக்கத்தில் போய்க்கொண்டிருக்கிறோம் என்பதும் எனக்குத் தெரியும்.) நோயைக் கண்டுபிடிக்கிறவனுக்கு மருந்து விற்பனையில் பங்கு கொடுத்தால், அவன் கண்ணுக்கு ஆரோக்கியம் தென்படாது.

சிறு கராஜ்கள் எல்லாம் கோயில்கள் என்றும் நான் சொல்லவில்லை. மொட்டையாய்த் தேய்ந்த டயரில் புதிதாகக் கோடு வெட்டி விற்கிறவர்கள் நம் பாதையோரத்திலும் உண்டு. 2020க்குப் பிறகு டயர் இறக்குமதிக்கு வந்த கட்டுப்பாடுகளும், 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்கு ஏறியதும் அவர்களுக்கு வாய்ப்பாகப் போயின. ரப்பர் விளையும் நாடு இது. 1952இல் சீனத்துக்கு ரப்பர் கொடுத்து அரிசி வாங்கிய நாடு. சோவியத் உதவியோடு களனியில் சொந்தமாக டயர்த் தொழிற்சாலை கட்டிப் பின்னர் 1990களில் அதைத் தனியார் கையில் ஒப்படைத்த நாடு. அது தனிக் கட்டுரைக்குரிய கதை. கம்பளை பாஸ் நேர்மையாகச் சொன்னதற்கு அவருடைய நற்குணம் ஒரு காரணம். அவருக்கு மேலே எண்ணிக்கைப் பலகை இல்லாதது மற்றொரு காரணம். நற்குணத்தை மட்டும் நம்பிப் பிள்ளைகளை ஏற்றியனுப்ப என்னால் முடியாது.

ஆகவே கேட்க வேண்டியதைக் கேட்போம். விலை பேசுவதற்கு முன்பே, மெஷின் காட்டிய அளவும் தயாரிப்பாளரின் எல்லையும் அச்சிட்டு வாடிக்கையாளன் கையில் கொடுக்கப்பட வேண்டும். கழற்றிய உதிரிப்பாகம் அவனுக்கே திரும்ப வேண்டும். சோதிக்கிறவனின் கூலி, விற்பனையோடு எவ்விதத்திலும் கட்டப்படலாகாது. இம்மூன்றில் கடைசியே முதன்மையானது. அது இல்லாமல் மற்ற இரண்டும் காகிதம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் விவகார அதிகார சபை ஒன்று அமைந்திருக்கிறது. அரிசி மூட்டையின் விலையைச் சோதிக்கும் அந்தச் சபை, கலிபோர்னியாவைப் போல நான்கு வான்களைச் சோதனைக்கு அனுப்பிப் பார்க்கட்டும். பிரதேச சபை ஒன்று, விற்பனையே இல்லாத ஒரு சோதனைக் கொட்டகையை நடத்தக் கூடாதா? கராஜ்த் தொழிலாளர் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைக்கும் நாளில், பில்லோடு சண்டைக்குப் போகும் நாமும் அவர்கள் பக்கம் போய் நிற்க வேண்டும். பலகையிலிருந்து பெயர்களை அழிக்கக்கூடியவர்கள் அவர்கள்தான்.

நான் விடைபெறும்போது என் மாணவன் மெல்லக் கேட்டான்: "அந்த வான் எப்படி, சேர்? அதன் இடது டயரை நான் உண்மையாகவே பார்த்தேன்." ஏன் அதை மட்டும் பிரித்துச் சொல்லவில்லை என்று கேட்டேன். ஒரு டயர் மட்டும் எழுதிய தாளை மேற்பார்வையாளர் திருப்பிக் கொடுத்துவிடுவார் என்றான்.

வானின் சாரதி இப்போது என்னைக் காணும்போதெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்: "அடுத்த தடவை எங்கே காட்டுவது, சேர்?" கம்பளை பாஸுக்கு வயதாகிவிட்டது, அவரிடம் எலைன்மென்ட் மெஷினும் இல்லை. முன்பக்கத்து வலது டயர் அடுத்த தவணைக்குள் தேய்ந்துவிடும்.