சமாதியை அங்கேயே விடுங்கள்

பாரிமுனையில் வக்கீல் குமாஸ்தாவாக இருப்பவனுக்கு வண்டி நிறுத்த இடமில்லாத கொடுமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கேஸ் கட்டுகளை வண்டியில் வைத்துக்கொண்டு என்.எஸ்.சி. போஸ் சாலையைச் சுற்றிச் சுற்றி வந்தவன் நான். ஆனாலும் சட்டக் கல்லூரிப் பக்கம் நிற்கும் அந்தக் கூம்புச் சமாதியைப் பெயர்த்துவிட்டு வாகன நிறுத்தம் கட்டும் யோசனை எனக்கு ஒப்பவில்லை. அதற்கு வரலாற்றுச் சிறப்பும் இல்லை, கலைச் சிறப்பும் இல்லை என்று சொல்லி, 2023-இல் தனி நீதிபதி ஒருவர் அதை இடம் மாற்றும்படி தொல்லியல் துறைக்கு உத்தரவிட்டார். கோர்ட்டால் சோறு தின்கிறவன்தான். இருந்தாலும் மாறுபடுகிறேன்.

உள்ளே இருவர் இருக்கிறார்கள். ஒருவர், 1680-இல் இறந்த கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜோசப் ஹின்மர்ஸ். அவருடைய மனைவி கேத்தரீன் அதே ஆண்டு நவம்பரில், புனித ஜார்ஜ் கோட்டைக்குள் அப்போதுதான் திறந்திருந்த புனித மேரி தேவாலயத்தில், பின்னாளில் கவர்னரான எலிஹு யேலை மறுமணம் செய்துகொண்டார். அந்தத் தம்பதியின் பிள்ளை டேவிட் சின்ன வயதிலேயே போய்விட்டான். தாயின் முதல் கணவர் பக்கத்தில் அவனைப் புதைத்தார்கள்.

அன்று அந்த இடம் கொய்யாத் தோட்டத்து ஆங்கிலேயர் இடுகாடு. சுற்றிலும் கறுப்பர் நகரம். 1758 டிசம்பரில் லாலியின் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது, உயரமான கல்லறைகள் அவர்களுக்கு நல்ல மறைவிடமாகிவிட்டன. முற்றுகை விலகியதும் கும்பினியார் கல்லறைகளை இடித்தார்கள். எழுத்துப் பொறித்த கற்களைக் கொண்டுபோய் புனித மேரி தேவாலயத்து முற்றத்தில் பாவினார்கள். ஊரும் தப்பவில்லை. கோட்டைக்கு எதிரே வெட்டவெளி வேண்டும் என்று வீடுகள் போயின. அங்கே இருந்த சென்னகேசவர் கோயில்கூடப் பூக்கடைப் பக்கம் போய்த்தான் மறுபடி எழுந்தது. வெளியின் எல்லைக்கு 1773-இல் நட்ட தூண்களில் ஒன்று இன்னும் பாரி கட்டடத்தின் ஓரமாக நிற்கிறது. பக்கத்தில் டீ குடிப்பவர்கள் அதை ஏறிட்டும் பார்ப்பதில்லை.

இத்தனையும் பெயர்ந்த இடத்தில் பெயராமல் நின்றவை மிகச் சில. அவற்றில் ஒன்றை வண்டிக்காகத் தள்ளலாம் என்கிறோம்.

இடம் மாற்றினால் கல் பத்திரமாகத்தானே இருக்கும் என்பார்கள். புனித மேரி முற்றத்துக்குப் போய்ப் பாருங்கள். எலிசபெத் பேக்கர் என்ற பெண்ணின் கல் 1652-ஐச் சேர்ந்தது. அந்தக் கல்லுக்கும் அது கிடக்கும் தரைக்கும் ஒட்டு இல்லை, உறவும் இல்லை. கல்தான் கோட்டைக்குப் போனது, எலும்பு போகவில்லை. மின்ட் தெருப் பக்கம் இருந்த யூதர் இடுகாட்டின் கற்களும் காசிமேடு போய், அங்கிருந்து லாயிட்ஸ் சாலைக்கு வந்து சேர்ந்தன. சென்னையில் செத்தவர்களுக்கும் வீடு மாற்றும் அலைச்சல் விடுவதில்லை.

யேல் யோக்கியரா என்ற கேள்வி நியாயமானது. 1687 முதல் 1692 வரை கவர்னராக இருந்தவர். அவர் நிர்வாகத்தில் இந்தக் கடற்கரையிலிருந்து மனிதர்களை அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். பிற்பாடு அவர் அனுப்பிய சரக்குப் பொதிகளை விற்ற காசில் ஒரு அமெரிக்கக் கல்லூரி அவர் பெயரைச் சூட்டிக்கொண்டது. இன்று பல்கலைக்கழகமாகிவிட்ட அதை உலகமே அறியும். கப்பலேறியவர்களில் ஒருவர் பெயர்கூட நமக்குத் தெரியாது. அவர்களைப் புதைத்த இடமும் இல்லை. சமாதியை அகற்றினால் அவர்களைப் பற்றிப் பேசுவதற்கு நகரத்தில் இருக்கும் ஒரு சாக்கும் போய்விடும்.

வண்டிப் பிரச்சினைக்கு வருவோம். 2019 முதல் உயர் நீதிமன்ற வாசலிலேயே மெட்ரோ நிற்கிறது. கோட்டை ரயில் நிலையமும் நடக்கிற தூரம்தான். வழக்குக்காக வெளியூரிலிருந்து வரும் பாமரர்கள் பஸ்ஸில் வந்து இறங்குகிறார்கள். காருக்கு இடம் கேட்பவர்கள் யார் என்று குமாஸ்தாக்களுக்குத் தெரியும். பல அடுக்கு நிறுத்தம் அவசியம் என்றால், பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்தைச் சுற்றிக் கட்டக் கூடாது என்று சட்டம் சொல்லும் நூறு மீட்டருக்கு அப்பால் கட்டட்டும். அந்தச் செலவில் ஒரு துளியை எடுத்து, சமாதிக்கு முன்னால் தமிழில் ஒரு பலகை வைக்கட்டும். பிள்ளையின் பெயரோடு, இடித்த ஊரையும் கப்பலேறிய மனிதர்களையும் சேர்த்து எழுதினால் போதும்.