பேய் இல்லை, கட்டி



என் பழைய மாணவர் ஒருவரின் மகளைப் பற்றியது இது. அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். மூன்று வருடத்துக்கு முன் அந்தப் பிள்ளைக்குத் திடீரென்று தூக்கம் போனது. சுவரோடு பேசினாள், பெற்ற தாயையே அடிக்க வந்தாள், பிறகு பேச்சே நின்றுவிட்டது. "என்ன சார் செய்யட்டும்?" என்று அவர் கேட்டபோது, அறிவியலும் சேர்த்துப் பாடம் நடத்திய நான் சொன்னது: "முதல்ல மந்திரிச்சுக் கயிறு கட்டிப் பாருப்பா." பத்து நாள் அதிலேயே போனது. வலிப்பு வந்த பிறகுதான் சோழவந்தானிலிருந்து மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

அங்கே நரம்பியல் மருத்துவர் முதுகுத்தண்டு நீரை எடுத்துப் பரிசோதிக்கச் சொன்னார். கூடவே வயிற்றுக்கு ஸ்கேன். மூளைக் கோளாறுக்கு வயிற்றில் என்ன தேடுகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. சினைப்பையில் கட்டி இருந்தது. டெரட்டோமா என்கிற இந்த வகைக் கட்டிக்குள் முடி, பல், நரம்புத் திசுகூட வளருமாம். அதை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள், மூளையில் உள்ள அதே மாதிரிப் பகுதியையும் தாக்குகிறது. நம் கொடிக்காலில் களை வெட்டுகிறவன் வெற்றிலைக் கொடியையும் சேர்த்து வெட்டுகிற கதைதான். ஜோசப் டால்மாவ் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் 2007இல்தான் இதைக் கண்டறிந்து எழுதினார்கள். அதற்கு முன் எத்தனை பெண்களுக்குப் பைத்தியப் பட்டம் கட்டினோமோ!

கட்டியை எடுத்தார்கள். ஸ்டீராய்டும் இம்யூனோகுளோபுலினும் ஏற்றினார்கள். இதற்குக் கேட்காவிட்டால் ரிட்டுக்சிமாப் என்ற மருந்து உண்டு. 2013இல் வந்த பெரிய ஆய்வு ஒன்றில், சிகிச்சை பெற்றவர்களில் ஐந்தில் நான்கு பேர் இரண்டு ஆண்டுக்குள் நன்றாகத் தேறியிருந்தார்கள். சீக்கிரம் தொடங்கியவர்களுக்குப் பலன் அதிகம்.

எல்லோருக்கும் கட்டி இருக்காது. வயதானவர்களுக்கு, அதிலும் பீடி சிகரெட் பிடிப்பவர்களுக்கு, நுரையீரல் புற்றுநோயால் இதேபோல நரம்பு பாதிப்பதுண்டு. நடை தள்ளாடும், ஞாபகம் குழம்பும். அதில் நரம்பணுக்களே செத்துவிடுவதால் மீள்வது கடினம். புற்றுநோயை உடனே கண்டுபிடித்தால்தான் மிச்சத்தையாவது காப்பாற்றலாம்.

கோயிலுக்கோ தர்காவுக்கோ போகாதே என்று நான் சொல்லவில்லை. நானே ஜெனகை மாரியம்மனைக் கும்பிடுகிறவன். ஆனால் 2001இல் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் தீயில் கருகியதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். நன்றாக இருந்த பிள்ளை சில நாளிலேயே மாறிப்போனால், முதலில் நரம்பியல் மருத்துவர். மனநோய் என்று சொல்லிவிட்டாலும், "ஆன்டிபாடி டெஸ்ட் எடுக்கணுமா டாக்டர்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

அந்தப் பிள்ளை இரண்டு மாதம் கழித்துத்தான் "அம்மா" என்றாள். விட்ட படிப்பை இப்போது தொடர்கிறாள். போன வாரம் வீட்டுக்கு வந்தாள். அந்தப் பத்து நாளுக்காக அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "எனக்கு அதெல்லாம் ஞாபகமே இல்ல தாத்தா" என்றாள்.