சீருடையைக் கழற்றும் முன் சான்றிதழைத் தேடுங்கள்

உங்கள் வீட்டுப் பிள்ளை இராணுவத்தில் இருக்கிறாரா? குளுவாங்கிலோ சிகாமாட்டிலோ உலு திராமிலோ முகாமில் பத்துப் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு, “அம்மா, நான் வெளியே வந்துவிடுகிறேன். லைன்மேன் வேலைக்குப் போகலாம் என்று இருக்கிறேன்” என்கிறாரா? அப்படியானால் இதை அவரோடு சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள்.

முதலில் ஒரு கசப்பான கணக்கு. சாதாரணப் படைவீரர் ஒருவர் ஓய்வூதியம் பெற 21 ஆண்டுகள் சேவை செய்திருக்க வேண்டும். அதற்கு முன் தானாக விலகினால் மாதாமாதம் வரும் பென்ஷன் இல்லை. கையில் வருவது எல்.டி.ஏ.டி. சேமிப்புப் பணம் மட்டுமே. அந்தப் பணம்தான் அவருடைய அடுத்த வாழ்க்கைக்கு மூலதனம். அது வரும் நேரம் பார்த்து, “மூன்றே நாளில் சான்றிதழ்” என்று கூவி அழைப்பவர்களும் வருவார்கள். கோப்பு நிறையக் காகிதம் சேரும். ஆனால் வேலைக்குப் போய் நின்றால் எதுவும் செல்லாது!

அதனால்தான் சொல்கிறோம். எந்தப் பயிற்சிக்கும் பணம் கட்டுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “இந்தக் காகிதத்தைச் சட்டம் கேட்கிறதா?”

நம் நாட்டு மின்சாரத் தொழிலை 1990-ஆம் ஆண்டு மின்விநியோகச் சட்டமும் 1994-ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகளும் கட்டுப்படுத்துகின்றன. தகுதிச் சான்றிதழ் வழங்குவது சுருஹான்ஜாயா தெனாகா எனும் எரிசக்தி ஆணையம். அந்த விதிமுறைகளில் ‘லைன்மேன்’ என்று தனிப் பிரிவே கிடையாது என்பது நம்மவர்களில் பலருக்குத் தெரியாது. தொழிலாளி நிலையில் அங்கே இருப்பவை மூன்று. வீடு, கடைகளின் வயரிங் செய்யும் பென்டவாய், அதாவது வயர்மேன். மின்நிலையத்தையும் சுவிட்ச் சாதனங்களையும் இயக்கிப் பராமரிக்கும் பென்ஜாகா ஜென்தெரா, அதாவது சார்ஜ்மேன். நிலத்தடிக் கேபிளை இணைக்கும் பென்யம்போங் காபெல். லைன் வேலையை நம்பி வெளியே வருபவர் இந்த மூன்றில் ஒன்றைக் குறிவைக்க வேண்டும். கம்பம் ஏறத் தெரிந்தால் இன்று வேலை கிடைக்கும். ஆணையத்தின் சான்றிதழ் இருந்தால்தான் நாற்பத்தைந்து வயதில் முட்டி வலிக்கும்போதும் வேலை இருக்கும்.

சான்றிதழில் எந்த மின்னழுத்தம் வரை என்று எழுதியிருக்கிறது என்பதையும் பாருங்கள். சார்ஜ்மேன் பிரிவுகளில் ‘பி’ என்று தொடங்குபவை குறைந்த மின்னழுத்தத்துக்கு, ‘ஏ’ என்று தொடங்குபவை உயர் மின்னழுத்தத்துக்கு. ஜொகூரில் 11 கிலோவோல்ட் மட்டுமல்ல, சில பகுதிகளில் 22 கிலோவோல்ட் இணைப்பும் உண்டு. உயர் மின்னழுத்தத்தில் மின்சாரம் வாங்கும் தொழிற்சாலையில் தகுதி பெற்ற ஆள் பொறுப்பில் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். செடெனாக், இஸ்கந்தர் புத்ரி பக்கம் எழும்பும் தரவு மையங்களுக்கும் அதே சட்டம்தான்.

அடுத்து, நுழைவு அட்டைகள். கட்டுமானத் தளத்துக்கு சி.ஐ.டி.பி. அட்டை வேண்டும். தெனாகா குத்தகை வேலைகளுக்கு நியோஷ் நடத்தும் பாதுகாப்புப் பாஸ்போர்ட் கேட்பார்கள். இவை வாசலைத் திறக்கும், சம்பளத்தை உயர்த்தாது. ஆகவே இவற்றைக் கடைசியில் எடுத்தால் போதும். கனரக லாரி லைசென்ஸ் இருந்தால் லைன் குழுவில் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

சிக்னல் படையிலோ மின், இயந்திரப் பொறியியல் படையிலோ வேலை செய்தவரா? அந்த அனுபவத்தைச் சும்மா விடாதீர்கள். ‘பி.பி.டி.’ எனும் முன்னனுபவ அங்கீகார முறையில், செய்த வேலைக்கு ஆதாரம் காட்டி எஸ்.கே.எம். சான்றிதழ் பெறலாம். எஸ்.கே.எம். வேறு, ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் வேறு. ஒன்று இருந்தால் மற்றது தானாக வந்துவிடாது. ஆனால் இரண்டுக்குமே அனுபவத்துக்கு எழுத்து ஆதாரம் வேண்டும். என்ன வேலை, எத்தனை வருடம், எந்தச் சாதனம் என்ற கடிதத்தைச் சேவையில் இருக்கும்போதே மேலதிகாரியிடம் கேட்டு வாங்குங்கள். வெளியே வந்தபின் முகாம் வாசலில் நின்று கேட்பது எளிதல்ல.

பெர்ஹெபாட் எனும் முன்னாள் படைவீரர் கழகம், சேவை முடிப்பவர்களுக்கு மறுவாழ்வுப் பயிற்சி தருகிறது. விலகல் கடிதம் கொடுப்பதற்கு முன்பே தமக்கு என்ன தகுதி உண்டு என்று உங்கள் பிள்ளை எழுத்து மூலம் கேட்கட்டும். கடிதம் கொடுத்துவிட்டு அப்புறம் கேட்பது நம் வழக்கம். அந்த வழக்கம் மாற வேண்டும்!

மாரா கல்லூரிகள் பூமிபுத்ராக்களுக்காகத் தொடங்கப்பட்டவை என்பது நமக்குத் தெரியும். அந்தக் கதவைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதோடு நின்றுவிடுகிறோம். பத்து பகாட்டிலும் பாசிர் கூடாங்கிலும் உள்ள மனிதவள அமைச்சின் பயிற்சி நிலையங்கள் எல்லா இனத்தவருக்கும் உரியவை. திறந்திருக்கும் கதவில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் மனுப் போட்டார்கள்? உரிமைக்குக் குரல் கொடுப்பதும் இருக்கும் உரிமையைப் பயன்படுத்துவதும் இரண்டு கைகள் போல. ஒரு கையால் மட்டும் கம்பம் ஏற முடியாது.

சிங்கப்பூர் சம்பளத்தை நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பாலத்துக்கு அந்தப் பக்கம் லைசென்ஸ் கொடுப்பது அவர்களுடைய எரிசக்திச் சந்தை ஆணையம். நம் சான்றிதழ் அங்கே தானாகச் செல்லாது. முதலில் இங்கே வேர் ஊன்றுங்கள்.

நாட்டுக்காகத் துப்பாக்கி ஏந்திய பிள்ளை, வெளியே வந்ததும் குத்தகையாளரிடம் நாள் கூலிக்கு நிற்பது நமக்கெல்லாம் தலைகுனிவு. பெற்றோர்களே, இந்த வாரம் அவர் விடுப்பில் வரும்போது இரண்டு விஷயம் கேளுங்கள். “அனுபவக் கடிதம் வாங்கினாயா? எந்தப் பிரிவுக்கு மனுப் போடப்போகிறாய்?” பதில் இல்லையென்றால் விலகல் கடிதம் கொஞ்சம் காத்திருக்கட்டும்.