சிறு காணிக்கு ஏற்ற யந்திரம்

1813-ஆம் ஆண்டில், கிழக்கிந்தியக் கம்பெனியின் வியாபார ஏகபோகத்தை நீட்டிப்பதா நீக்குவதா என்று பிரிட்டிஷ் பாராளுமன்றம் ஆலோசித்துக்கொண்டிருந்தபோது, காமன்ஸ் சபையின் முன் சாட்சி சொல்ல அழைக்கப்பட்டவர்களுள் தாமஸ் மன்றோவும் ஒருவர். ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையினால் 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து கம்பெனியின் கைக்கு மாறிய பாராமகாலில், அலெக்ஸாண்டர் ரீடின் உதவியாளராக ஏழாண்டுக் காலம் நிலம் அளந்து தீர்வை வகுத்தவர் அவர். அந்நாட்களில் அவர் வாசம் செய்து, மிகுந்த பிரியத்தோடு தோட்டம் வளர்த்த ஊர் நம்முடைய தருமபுரி. வியாபாரத்தைத் திறந்துவிட்டால் இங்கிலாந்தின் பண்டங்களை இந்தியக் குடிகள் விரும்பி வாங்குவார்களா என்று சபையார் வினவியதற்கு அவர் தந்த விடை, ஏற்றுமதி வியாபாரிகளின் செவிக்கு இனிமையாக இருந்திருக்க முடியாது. இந்நாட்டவரின் தேவைகள் சீதோஷ்ணத்தாலும் பழக்கத்தாலும் வருமானத்தாலும் வரையறுக்கப்பட்டவை என்றும், வேண்டியவற்றை அவர்களே நேர்த்தியாகவும் மலிவாகவும் செய்துகொள்கிறார்கள் என்றும் அவர் வாதித்தார். தாம் ஏழாண்டு உபயோகித்த இந்தியச் சால்வை ஒன்றைச் சான்றாகக் காட்டி, ஐரோப்பியச் சால்வையை இனாமாகக் கொடுத்தாலும் தரிக்கப் போவதில்லை என்றும் சொன்னார்.

துணி விஷயத்தில் மன்றோவின் அனுமானம் அவர் காலத்திலேயே ஆட்டம் கண்டுவிட்டது. லங்காஷயர் ஆலைத்துணி, தறித்துணியைவிட மலிவாக வந்து இறங்கிச் சந்தைகளை நிரப்பியதும், நெசவாளர் பலர் தொழிலிழந்து நின்றதும் யாவரும் அறிந்த சரித்திரம். ஆனால் உழவுக் கருவிகளைப் பொறுத்தவரை அவருடைய வாக்கு ஏறத்தாழ நூறாண்டு பொய்க்காமல் நின்றது. ஒரே கப்பலில் வந்த பண்டங்களுள் ஒன்று வீட்டுக்குள் புகுந்துவிட, மற்றொன்று வயல் வரப்பிலேயே தடுக்கப்பட்டதன் காரணத்தை ஆராய்வது, இன்று யந்திரத்துக்கு மானியம் வழங்கும் சர்க்காருக்கும், கடன் கொடுக்கும் பாங்குகளுக்கும், அந்தக் கடனைத் தலையில் ஏற்றுக்கொள்ளும் குடியானவனுக்கும் ஒருங்கே பிரயோஜனப்படும் என்று கருதுகிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெருகிய விவசாய யந்திரங்களுக்கு உற்ற சந்தையாக இருந்தவை, ஐரோப்பியர் சென்று குடியேறிய கண்டங்கள். கனடாவிலும் அமெரிக்காவின் புல்வெளிகளிலும் ஆஸ்திரேலியாவிலும், அங்கிருந்த பூர்வகுடிகளை அப்புறப்படுத்திவிட்டுக் கைப்பற்றிய நிலம் கண்ணுக்கெட்டிய தூரம் கிடந்தது. அதில் இறங்கி அறுக்கவும் அடிக்கவும் ஆள்தான் கிடைக்கவில்லை. ஆகவே மக்கார்மிக்கின் அறுவடை யந்திரமும், கனடாவின் மாசி கம்பெனிக் கருவிகளும் அங்கே விலைபோயின. கையில் ரொக்கம் இல்லாதவனும் வாங்கும்படி தவணை முறையும் கூடவே பிறந்தது. 1872-இல் சிகாகோவில் தொடங்கிய மான்ட்கோமரி வார்டு என்னும் ஸ்தாபனம், விலைப்பட்டியலைத் தபாலில் அனுப்பியே எங்கோ ஒரு மூலையிலிருந்த பண்ணை வீட்டுக்கும் சாமான்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அந்தக் குடியேற்ற நாடுகளிலுங்கூட, பட்டியலில் கண்டதெல்லாம் மண்ணில் பலித்துவிடவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். தென் ஆஸ்திரேலியாவில் மாலி என்னும் புதர்மரங்களை வெட்டிச் சமன்செய்த நிலத்தில், மண்ணுக்குள் மறைந்திருந்த வேர்க்கட்டைகளில் மோதி வழக்கமான கலப்பைகள் முறிந்துகொண்டே இருந்தன. 1876-இல் ரிச்சர்டு போயர் ஸ்மித் என்பவர், கட்டை தட்டுப்பட்டதும் தானே மேலெழும்பி, அதைத் தாண்டியபின் மீண்டும் மண்ணில் இறங்கும்படியாகக் கொழு பொருத்திய கலப்பையை அந்த மண்ணிலேயே செய்து காட்டிய பிறகுதான் அந்நிலம் விளைநிலமாயிற்று.

சென்னை ராஜதானியோ எதிர்த் திசையிலிருந்து ஆரம்பித்தது. கவர்னர் வில்லியம் டெனிசனின் முயற்சியால் 1860-களில் சைதாப்பேட்டையில் பரிசோதனைப் பண்ணை ஒன்று ஸ்தாபிக்கப்பட்டு, நீராவிக் கலப்பையும் கதிரடிக்கும் யந்திரமும் விதைக்கும் கருவியும் வைக்கோல் நறுக்கியும் சீமையிலிருந்து தருவிக்கப்பட்டன. அவற்றின் நேர்த்தியை யாரும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அவை கொண்டிருந்த அனுமானங்கள் இந்த மண்ணுக்கு உரியவை அல்ல. நம் ஊர்த் தச்சன் கருவேல மரத்தில் செதுக்கி, கொல்லன் கொழு பூட்டிக் கொடுத்த ஏரைக் குடியானவன் தோளில் சுமந்து சென்று இளைத்த மாட்டையும் பூட்டி உழுதான். முறிந்தால் அன்று மாலைக்குள் பழுது பார்ப்பதற்கு, களத்து மேட்டில் தானியமாகக் கூலி பெறும் கைவினைஞர் ஊரிலேயே இருந்தார்கள். சீமைக் கலப்பையின் விலையோ அதைப்போல் பல மடங்கு. அதை இழுக்க வலிய மாடு வேண்டும். மரை ஒன்று கழன்றால் பட்டணத்துக்கு எழுதிக் காத்திருக்க வேண்டும். தவிரவும், மானாவாரி நிலத்தில் மண்ணை ஆழப் புரட்டிப் போட்டால் உள்ளிருக்கும் ஈரமும் காய்ந்துவிடும் என்று குடியானவன் அஞ்சியதில் அனுபவத்தின் நியாயம் இருந்தது.

அந்த நியாயத்தைச் சீமையின் விஞ்ஞானியே ஒப்புக்கொண்டார். இங்கிலாந்தின் ராயல் விவசாயச் சங்கத்தின் ரசாயன ஆலோசகரான வோல்க்கர், 1889-இன் இறுதியில் இந்தியாவுக்கு வந்து, நாடெங்கும் சுற்றிப் பார்த்து, 1893-இல் வெளியிட்ட அறிக்கையில், இந்தியக் குடியானவன் சாதாரண ஆங்கில விவசாயிக்குச் சளைத்தவன் அல்லன் என்றும், சில அம்சங்களில் அவனை விஞ்சியவன் என்றும் எழுதினார். ஏழ்மையையும் மண்ணையும் மாட்டையும் அறியாமல் புதுக் கலப்பையை அவன்மீது சுமத்துவதில் அர்த்தமில்லை என்பதும் அவர் முடிவு.

அப்படியானால் நம் குடியானவன் புதுமைக்கே விரோதி என்று நினைப்பது பெரும் பிழையாகும். பீகாரில் பீகியா என்னும் ஊரில் நிலம் வைத்திருந்த தாம்ஸனும் மில்னும் 1870-களில் உருவாக்கிய இரும்புக் கரும்பாலையைப் பழைய கல்செக்கும் மரச்செக்கும் எதிர்த்து நிற்க முடியவில்லை. சாதாரண மாடுகள் சுற்றக்கூடியதாகவும், வண்டியில் ஏற்றிக் கரும்புக் கொல்லைக்கே கொண்டுபோகத் தக்கதாகவும் அது அமைந்தது. வாங்க வசதியற்றவனுக்குப் பருவகாலத்தில் வாடகைக்கும் கிடைத்தது. அதேபோல் 1903-இல் லக்ஷ்மணராவ் கிர்லோஸ்கர் இரும்புக் கலப்பை செய்தபோது, இரும்பு பட்டால் நிலம் நஞ்சாகும் என்ற நம்பிக்கையால் முதல் தொகுதியை விற்று முடிக்கவே ஈராண்டு பிடித்ததென்றாலும், பின்னர் தக்காணத்து உழவர் அதை ஏற்றுக்கொண்டார்கள். வயலுக்கு அருகிலேயே பட்டறை இருந்தால், குடியானவன் சொல்லும் குறை செய்பவன் காதில் விழுகிறது. குறை காதில் விழுந்தால் கருவி திருந்துகிறது.

வீட்டுச் சாமான்களின் கதையும் இதற்கு அந்நியமானதன்று. சிங்கர் தையல் மெஷின் தவணை முறையில் வந்து, தையற்காரருக்குப் பிழைப்பாகித் திண்ணைகளில் நிலைபெற்றது. அரிக்கேன் விளக்கு காற்றிலும் அணையாத காரணத்தால் மாட்டுத் தொழுவம் வரை சென்றது. ஆனால் இட்லிக்கும் தோசைக்கும் மாவரைக்கும் நம் பெண்களின் தோள்வலியை எந்தச் சீமைப் பட்டியலும் கண்டுகொண்டதில்லை. அதற்குக் கோயம்புத்தூரில் 1950-களில் பிறந்த வெட் கிரைண்டர்தான் வர வேண்டியிருந்தது.

இனி இன்றைய தருமபுரிக்கு வருவோம். ஒரு காலத்தில் இங்கே கைகளுக்குப் பஞ்சமில்லை. இன்று இளைஞர்கள் பெங்களூருக்கும் ஓசூருக்கும் திருப்பூருக்கும் கூலி தேடிப் போய்விட, களையெடுக்கவும் கதிரறுக்கவும் ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டது. குடியேற்ற நாட்டுப் பண்ணையாளனுக்கு இருந்த ஆள் பஞ்சம் நமக்கும் வந்துவிட்டது. ஆனால் அவனுக்கிருந்த நிலப்பரப்பு நமக்கு வரவில்லை. 2015-16 விவசாயக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு கைப்பற்றின் சராசரி 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. இந்தச் சிறு காணியை நம்பி டிராக்டர் வாங்குகிறவன் தன் நிலத்தில் சில நாள் உழுதுவிட்டு, எஞ்சிய நாளெல்லாம் தவணைக்காக ஊராரின் நிலத்தைத் தேடி ஓடவேண்டியிருக்கிறது. மழை தப்பிய ஆண்டில் அந்த ஓட்டத்துக்கும் வழியில்லை.

இதற்கிடையில், இம்மாவட்டத்தின் உயிர்நாடியான கேழ்வரகுக்கும் சாமைக்கும் கொள்ளுக்கும் யந்திர உலகம் செய்திருப்பது மிகச் சொற்பம். அறுவடைக் காலத்தில் தார்ச்சாலையில் கேழ்வரகுக் கதிரையும் கொள்ளுச் செடியையும் பரப்பிவைத்து, போகிற பஸ்ஸும் லாரியும் மிதித்து அடித்துத் தரட்டும் என்று குடியானவர்கள் காத்திருக்கும் காட்சியை இப்பக்கம் பிரயாணம் செய்தவர்கள் அறிவார்கள். இருசக்கர வண்டி சறுக்கி விழும் அபாயத்தைச் சொல்லி அவர்களைக் கடிந்துகொள்வது எளிது; களத்து மேட்டில் குறைந்த செலவில் கதிரடிக்கும் கருவி உரிய காலத்தில் கிடைத்திருந்தால் அவர்கள் சாலைக்கு ஏன் வந்திருப்பார்கள் என்று யோசிப்பவர் குறைவு. மலைக் கிராமங்களில் சாமையைக் குத்தி உமி நீக்கும் வேலையின் கடுமைக்கு அஞ்சியே பலர் ரேஷன் அரிசிக்கு மாறினார்கள் என்றால், அதில் வியப்பென்ன?

மானியமே வேண்டாம் என்பது என் கட்சி அல்ல. 2014-15 முதல் நடைமுறையில் உள்ள மத்திய யந்திரமயத் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் 50 விழுக்காடு வரை மானியம் உண்டு; அது பலருக்குக் கை கொடுத்திருக்கிறது. சொந்த யந்திரம் இருந்தால்தான் பருவம் தவறாமல் உழ முடியும், ஒரு மழைக்கு ஊரே வாடகை யந்திரத்துக்குப் போட்டியிட்டால் பின்வரிசைக்காரன் விதைப்பை இழப்பான் என்ற ஆட்சேபமும் வலுவானது. அதற்குப் பரிகாரம் வாடகை யந்திரங்களைப் பெருக்குவதே ஒழிய, ஒவ்வொருவரையும் தனித்தனியே கடனாளியாக்குவது அல்ல. வேளாண்மைப் பொறியியல் துறை உழவன் செயலியின் வழியே யந்திரங்களை வாடகைக்கு விடும் ஏற்பாடு சரியான பாதை. அந்தப் பாதையில் பென்னாகரத்துக்கும் அரூருக்கும் பாப்பிரெட்டிப்பட்டிக்கும் கேழ்வரகு அடிக்கும் யந்திரமும் சாமை உமி நீக்கும் யந்திரமும் அறுவடைக்கு முன்னரே வந்து நிற்க வேண்டும்.

அத்துடன், விற்கும் கம்பெனிக்கு மானியத் தொகை போய்ச் சேருமுன், அந்த யந்திரத்துக்கான உதிரி பாகமும் பழுது பார்க்கப் பழகிய ஆளும் அந்தத் தாலுகாவிலேயே உண்டா என்று சர்க்கார் உறுதி செய்துகொள்ளட்டும். மண்ணிலிருந்து இரும்பை உருக்கி எடுத்த பரம்பரை வாழ்ந்த பூமி இது. சேலம் ஜில்லாவின் அந்தச் சிற்றுலைகள் சீமை இரும்பின் போட்டியில் அணைந்துபோயின. ஆனால் பட்டறை வைத்து வெல்டிங் அடிக்கும் இளைஞர்கள் ஒவ்வொரு சந்தையூரிலும் இருக்கிறார்கள்; அவர்களுக்குக் கடனும் பயிற்சியும் கொடுத்து, கேழ்வரகுக் கதிரைக் கையில் கொடுத்து, இதை அடிக்க ஒரு கருவி செய் என்று சொல்லிப் பார்க்கலாம். மாலிக் கட்டையைத் தாண்டிய கலப்பையும், கொல்லைக்கு வந்த கரும்பாலையும் அப்படி மண்ணை அருகிலிருந்து அறிந்தவர்களின் கையிலிருந்து வந்தவையே. ஒரு டிராக்டருக்குக் கொடுக்கும் மானியத்தில் சிறு பங்கை அந்தப் பட்டறைகளுக்கு ஒதுக்க அடுத்த வேளாண் பட்ஜெட்டிலேயே இடமிருக்கிறது.