மலை மேல் பள்ளியும் ஊருக்குள் விடுதியும்

மதுரையில் அரசு வேலைக்கு வந்து, கடன் வாங்கி வீடு கட்டி, கொஞ்சம் தலைநிமிர்ந்த நம் குடும்பங்களில் இப்போது ஒரு பேச்சு ஓடுகிறது. பிள்ளையைக் கொடைக்கானலிலோ ஊட்டியிலோ பெரிய உறைவிடப் பள்ளியில் சேர்த்தால் என்ன?

இந்த ஆசையை நாம் கேலி செய்ய மாட்டோம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை, அதே பள்ளியில் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் விடவில்லை. அதைப் பார்த்த பெற்றோருக்குப் பிள்ளையைத் தூரமாக அனுப்பத் தோன்றுவது இயல்பு.

ஆனால் அந்தப் பள்ளிகள் யாருக்கானவை? கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி 1901-இல் அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டது. இன்று இத்தகைய பள்ளிகளில் சேர ஆண்டுக்குப் பல லட்சம் வேண்டும். வாழ்நாள் சேமிப்பைக் கொட்டினாலும் சாதி வாசலோடு நின்றுவிடுமா? அரிவாள் இருக்காது, "சொந்த ஊர் எது, அப்பா என்ன செய்கிறார்" என்ற விசாரணை இருக்கும். பதில் சொல்ல நம் பிள்ளை அங்கே தனியாக நிற்கும்.

காசில்லாதவர்களுக்கு ஒன்றிய அரசின் ஷ்ரேஷ்டா திட்டம் இருக்கிறதே என்பார்கள். தனியார் உறைவிடப் பள்ளிகளில் 9, 11ஆம் வகுப்புகளுக்கு ஆண்டுக்குச் சுமார் 3,000 இடம். 2011 கணக்கெடுப்பின்படியே பட்டியல் சாதியினர் 20 கோடிக்கு மேல். இது பந்தியா, பந்தியில் சிந்தியதா?

1924-இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையைத் தொடங்கிய அம்பேத்கர், அதன் முதல் வேலைகளில் ஒன்றாக சோலாப்பூரில் மாணவர் விடுதி திறந்தார். தமிழ்நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆதிதிராவிடர் நல விடுதிகள் உண்டு. நம்மில் வக்கீலாகவும் வாத்தியாராகவும் ஆனவர்கள் பலர் அந்தச் சோற்றில் படித்தவர்கள். 2025-இல் அவற்றுக்குச் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் வைத்தார்கள். உணவுப்படியோ, 2023-இல் உயர்த்தியபோதே பள்ளி மாணவருக்கு மாதம் 1,400 ரூபாய்தான். மூன்று வேளைக்கும் சேர்த்து நாளுக்கு 47 ரூபாய்கூட இல்லை. பெயர் வைத்தால் வயிறு நிறையுமா?

கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளையும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளையும் பள்ளிக்கல்வித் துறையின் கீழ் கொண்டுவர வேண்டும் என்று நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் பரிந்துரைத்தது. இரண்டு பெயர்ப் பலகைகளையும் அன்றாடம் பார்க்கும் மதுரைக்காரர்கள் அல்லவா அதற்காக முதலில் குரல் கொடுத்திருக்க வேண்டும்?

மலைப் பள்ளிக்கு விண்ணப்பம் வாங்கப் போகும் தோழர்களே, அதற்குமுன் உங்கள் ஊர் விடுதிக்கு ஒரு வேளை சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பாருங்கள். தட்டில் என்ன விழுகிறது, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, காப்பாளர் இரவில் தங்குகிறாரா என்று கேளுங்கள். நீங்கள் கேட்டால் அதிகாரி பதில் சொல்வார். உள்ளே இருக்கும் பிள்ளை கேட்டால் சொல்ல மாட்டார்.