இரவில் தளரும் மூச்சு

புது தில்லி: அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையை மத்திய அரசு 2021-ல் வெளியிட்டது. டுஷேன் தசைச் சிதைவு நோயும் அதில் இடம்பெற்றது. அறிவிக்கப்பட்ட உயர் சிறப்பு மையங்களில் சிகிச்சை பெறுவோருக்கான உதவி 2022-ல் ரூ. 50 லட்சம் வரை உயர்த்தப்பட்டது. தனி தேசிய நிதியம் அமைக்க 2024 அக்டோபரில் தில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. வரவேற்கத்தக்கவைதான். ஆனால், விவாதமெல்லாம் மருந்தின் விலையைச் சுற்றியே நடக்கிறது. நோயாளியின் மூச்சைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

தசைகள் தளரும்போது கைகால்களுடன் உதரவிதானமும் தளர்கிறது. பகலில் இது வெளியே தெரிவதில்லை. உறக்கத்தில் மூச்சின் ஆழம் குறைந்து, கரியமில வாயு இரத்தத்தில் தேங்குகிறது. காலைத் தலைவலி, பகல் தூக்கம், இருமக்கூட வலுவின்மை ஆகியவற்றை வெறும் சோர்வு என்றே குடும்பத்தினர் எண்ணிவிடுகின்றனர். காற்றை உள்ளே செலுத்தும் உதவியின்றி ஆக்சிஜன் மட்டும் கொடுத்தால், விரல்நுனிக் கருவி நல்ல எண்ணைக் காட்டும். கரியமில வாயுவோ ஏறிக்கொண்டே போகும். கோவிட் காலத்தில் வீட்டுக்கு வந்த அக்கருவியை மட்டுமே நம்புவது இங்கு ஆபத்து.

முகமூடி வழியே இரவில் துணைநிற்கும் பைபேப் கருவி ஆயுளை நீட்டுகிறது. பிரிட்டனின் நியூகேசில் மருத்துவர்கள் 2002-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 1960-களில் டுஷேன் நோயாளிகள் இறந்த சராசரி வயது 14.4, 1990-க்குப் பின் சுவாசக் கருவி உதவி பெற்றவர்களுக்கு அது 25.3.

கேரளத்தின் தென்கோடியில் உள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரைச் சிற்றூர்களுக்கு இதில் ஒரு வாய்ப்பு உண்டு. திருவனந்தபுரத்தின் ஸ்ரீசித்திரை திருநாள் மருத்துவ நிறுவனமும், உயர் சிறப்பு மையமான எஸ்.ஏ.டி. மருத்துவமனையும் தொலைவில் இல்லை. 2008-ல் வலி தணிப்புச் சிகிச்சைக் கொள்கை வகுத்த மாநிலம் அது. உள்ளாட்சிகளின் செவிலியர் வீடு தேடிச் செல்கின்றனர். காலையில் தலை வலிக்கிறதா என்று அவர்கள் கேட்டாலே போதும், பாதி நோய் பிடிபடும். தமிழ் பேசும் வீடுகளில் தமிழிலேயே கேட்க வேண்டும்.

1956-ல் விளவங்கோடு தமிழகத்துக்கு வந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. உறவுகள் இருபுறமும் உள்ளன. காப்பீட்டுத் திட்டங்களோ அந்தந்த மாநிலக் குடும்பங்களுக்கானவை. களியக்காவிளை நோயாளிக்கும் அருகிலிருப்பது திருவனந்தபுரமே என்பதை இரு அரசுகளும் கருத்தில் கொள்ள வேண்டும்.

வீட்டுச் சுவாசக் கருவிக்கான செலவையும் தேசியக் கொள்கையின் உதவியில் வெளிப்படையாகச் சேர்க்கச் சுகாதார அமைச்சகம் முன்வர வேண்டும். கருவியுடன் மாற்று முகமூடியும் மின்கலமும் சேர வேண்டும். மழைக்காலத்தில் அந்தச் சிற்றூர்களிலும் இரவில் மின்சாரம் போகும்.