லைசென்சு ஆரு பேர்ல?

எங்கள் தோட்டம் வெள்ளகோவிலிலிருந்து மூலனூர் போகிற ரோட்டில் பிரிந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. அம்மா அங்கே தனியாக இருக்கிறார். இரண்டு ஏக்கர் முருங்கை, நாலு எருமை, ஒரு நாய். பக்கத்துத் தோட்டத்தில் விளக்கு எரிவது வாசலில் நின்றால் தெரியும். கூப்பிட்டால் கேட்காது.

2024 நவம்பர் கடைசியில் பல்லடம் பக்கம் சேமலைகவுண்டம்பாளையத்தில், இப்படியொரு தோட்டத்து வீட்டில் ஒரே குடும்பத்தில் மூன்று பேரைக் கொன்று போட்டார்கள். 2025 ஏப்ரல் கடைசியில் சிவகிரிப் பக்கம் தோட்டத்து வீட்டில் ஒரு வயதான தம்பதி. நகைக்காக. அதற்குப் பிறகு கொங்கு நாட்டில் தோட்டத்து வீட்டுக்காரர்கள் யாரும் சரியாகத் தூங்கியதில்லை. ‘எங்களுக்குத் துப்பாக்கி உரிமம் கொடுங்கள்’ என்ற கோரிக்கையும் அந்த நாட்களில்தான் பலமாக எழுந்தது. என் அண்ணனும் அந்த வாரமே விண்ணப்பப் படிவத்தோடு தோட்டத்துக்கு வந்துவிட்டார். திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருப்பவர். கையடக்கத் துப்பாக்கி ஒன்றின் படத்தைக் கைபேசியில் காட்டினார். “முந்தானைல முடிஞ்சு வெச்சுக்கலாமுங்கம்மா, அத்தாச்சோடுதான் இருக்கும்” என்றார்.

அம்மா படத்தை நன்றாகப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “லைசென்சு ஆரு பேர்ல கண்ணு?”

“எம் பேர்லதானுங்கம்மா. உங்குளுக்கு எதுக்கு அந்த அலைச்சல்?”

அண்ணன் இருப்பது திருப்பூரில். உரிமம் அண்ணன் பேரில். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி உரிமக்காரரோடு இருக்க வேண்டிய பொருள். அவர் இல்லாத வீட்டில் அம்மா அதை எடுத்து நீட்டினால், திருடன் மேல் ஒரு வழக்கு, அம்மா மேல் ஒரு வழக்கு. அம்மாவைக் காப்பாற்ற வாங்கும் துப்பாக்கி அண்ணனின் பீரோவில் இருக்கும். பெண்களின் பாதுகாப்புக்கு என்று சொல்லி நம் நாட்டில் செய்யப்படும் பல காரியங்களுக்கு இதைவிடச் சரியான படம் கிடைக்காது.

இதை அரசே ஒரு முறை செய்து காட்டியிருக்கிறது. 2012 டிசம்பரில் டெல்லிப் பேருந்தில் அந்த மாணவிக்கு நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஓராண்டு கழித்து, 2014 ஜனவரியில், கான்பூர் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை ‘நிர்பீக்’ என்ற ரிவால்வரை வெளியிட்டது. நிர்பயா என்றாலும் நிர்பீக் என்றாலும் அச்சமற்றவர் என்றுதான் பொருள். .32 காலிபர், ஆறு தோட்டா, அரைக்கிலோ எடை. பெண்ணின் கைப்பைக்கு ஏற்றது என்றார்கள். நகைப்பெட்டி மாதிரி ஒரு பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். நகைப்பெட்டி! விலை 1,22,360 ரூபாய். எங்கள் ஊர் நூற்பாலையில் நின்றுகொண்டே வேலை பார்க்கும் பெண்ணுக்கு அன்று அது ஏறக்குறைய ஓராண்டுச் சம்பளம். அந்த மாணவி ஏறியது பேருந்தில். பேருந்தில் போகிறவள் ஒன்றேகால் லட்சத்துக்குத் துப்பாக்கி வாங்குவாள் என்று கணக்குப் போட்ட மூளை எது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. துப்பாக்கிகளால் கணவனை இழந்த பெண்களோடு மணிப்பூரில் வேலை செய்யும் பீனாலட்சுமி நெப்ரம் அப்போதே இதைக் கடுமையாக எதிர்த்தார். துப்பாக்கி மலிந்த ஊரில் வாழ்ந்தவர்களுக்கு அதன் மேல் நம்மைப் போல மயக்கம் இருப்பதில்லை.

இது நம் நாட்டுக் கண்டுபிடிப்பும் இல்லை. அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெசன் கம்பெனி 1980களின் கடைசியில் ‘லேடிஸ்மித்’ என்று பெண்களுக்கென ஒரு கைத்துப்பாக்கி வரிசை கொண்டுவந்தது. ஆண்களுக்கு விற்று முடித்த சரக்கைப் பெண்களின் பயத்துக்கு விற்கும் வேலை. அதே நாட்டில் ஜாக்குலின் கேம்பெல் என்ற செவிலியர் பேராசிரியரும் அவர் குழுவினரும் 11 நகரங்களில் ஆய்வு செய்து 2003இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். அடிக்கும் கணவன் அல்லது காதலன் கையில் துப்பாக்கி இருந்தால், அந்தப் பெண் கொல்லப்படும் அபாயம் ஐந்து மடங்கு.

எனக்கு ஆய்வு தேவையில்லை. எங்கள் அப்பா இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. நல்ல விவசாயி, ஊரில் மதிப்பான மனிதர். சாயங்காலத்துக்கு மேல் அவர் கைக்கு எது அகப்பட்டதோ அதுதான் அம்மா மேல் விழும். மாட்டுச் சாட்டை, செருப்பு, ஒரு முறை பம்ப்செட் ஸ்பேனர். அந்தத் தழும்பு அம்மாவின் இடது புருவத்துக்கு மேல் இருக்கிறது. ஊரில் கேட்டால் கிணற்று மேட்டில் வழுக்கி விழுந்ததாகச் சொல்வோம். நானும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். அந்த வீட்டில், அந்தப் பீரோவில், திருடனுக்குப் பயந்து வாங்கிய ஒரு துப்பாக்கி இருந்திருந்தால் என்று யோசித்துப் பாருங்கள். அப்பா அதைத் திருடனை நோக்கி ஒரு நாளும் நீட்டியிருக்க மாட்டார். எங்கள் தோட்டத்துக்கு இதுவரை திருடன் வந்ததே இல்லை. அப்பா தினமும் வந்தார்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள் என்கிறது. பாலியல் வல்லுறவு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் குற்றவாளி அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவன் என்று தேசியக் குற்றப் பதிவுக் காப்பகம் வருடா வருடம் அச்சடிக்கிறது. துப்பாக்கி விற்பவர்கள் காட்டும் படத்தில் மட்டும் எப்போதும் ஒரு இருட்டுச் சந்து, ஒரு முகம் தெரியாத ஆள்.

‘சுடத் தெரியாதவள் பேசுகிறாள்’ என்று சொல்லிவிடாதீர்கள். கல்லூரியில் நான் என்சிசியில் இருந்தேன். முகாமில் குப்புறப் படுத்து .22 ரைபிளில் 25 கஜத்தில் சுட்டிருக்கிறேன். முதல் குண்டு போன சத்தத்தில் வந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். பின்னாளில் போட்டிகளில் சுடும் ஒரு தோழி கோவையில் ஒரு சுடுதளத்துக்கு அழைத்துப் போனாள். பிஸ்டலைப் பிடித்த பிறகுதான் புரிந்தது, ரைபிளுக்கும் அதற்கும் உறவே இல்லை. தோளும் தரையும் தாங்கியதை இப்போது ஒரு மணிக்கட்டு தாங்க வேண்டும். குழல் குட்டையாகக் குட்டையாக முன்குறிக்கும் பின்குறிக்கும் உள்ள தூரம் குறைகிறது. கை ஒரு நூல் அசைந்தால் பத்து மீட்டர் தள்ளி அது ஒரு சாணாகிறது. எடை குறைந்தால் உதைப்பு கூடும். கைப்பைக்கென்று சிறிதாக்கிய துப்பாக்கிதான் எல்லாவற்றிலும் சுடக் கஷ்டமானது. அதைப் புதிதாகப் பிடிப்பவளிடம் கொடுக்கிறார்கள். வாரா வாரம் சுட்டால்தான் கை நிற்கும் என்றாள் தோழி. உரிமத்திலோ ஆண்டுக்கு இத்தனை தோட்டாதான் என்று எழுதியிருக்கும்.

சால்ட் லேக் சிட்டி போலீஸ்காரர் டென்னிஸ் டுல்லர் 1983இல் எழுதிய ஒரு கணக்கு துப்பாக்கிக்காரர்கள் நடுவில் பிரபலம். கத்தியோடு ஓடி வருகிறவன் 21 அடியைக் கடக்க ஒன்றரை நொடி போதும். பயிற்சி பெற்ற போலீஸ்காரர் இடுப்பிலிருந்து உருவிச் சுடவே அவ்வளவு நேரம் ஆகும். எழுபது வயது அம்மா முந்தானை முடிச்சை அவிழ்க்க எவ்வளவு நேரம் ஆகும்?

எங்கள் மாவட்டத்திலேயே பாருங்கள். 2016 மார்ச் 13, உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே, பட்டப்பகலில், கௌசல்யாவையும் சங்கரையும் வெட்டினார்கள். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது. கௌசல்யா கையில் துப்பாக்கி இருந்திருந்தாலும் முதல் வெட்டு பின்னாலிருந்துதான் வந்திருக்கும். அந்தப் பெண் பிறகு செய்ததுதான் எனக்கு ஆயுதமாகத் தெரிகிறது. தலையில் தையலோடு எழுந்து, பெற்றவர்களுக்கு எதிராகக் கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னார். 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் தந்தை உட்பட ஆறு பேருக்கு மரண தண்டனை கொடுத்தது. 2020இல் உயர் நீதிமன்றம் தந்தையை விடுவித்தது, மற்றவர்களின் தண்டனையைக் குறைத்தது. அதில் எனக்கு வருத்தம் உண்டு. பொள்ளாச்சி வழக்கிலும் துப்பாக்கிக்கு வேலையே இல்லை. நம்பி ஏறிய கார், கையிலிருந்த கைபேசி, இவைதான் அங்கே ஆயுதம். 2025 மே 13இல் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை வந்ததென்றால், மிரட்டலுக்கும் ஊர்ப் பேச்சுக்கும் நடுவில் பிறழாமல் நின்ற பெண்களின் சாட்சியம் அது.

ஒரு மாணவி என்னிடம் கேட்டாள்: “அப்படின்னா நாங்க அடி வாங்கிட்டே இருக்கணுமாங்க மேடம்?” இல்லை அம்மிணி. நான் அகிம்சை பேச வரவில்லை. வல்லுறவுக்கு வருகிறவனை, ஆசிட் வீச வருகிறவனை, உயிர் போகும்படி தாக்கவும் பெண்ணுக்கு உரிமை உண்டு. பழைய தண்டனைச் சட்டத்தில் 100ஆம் பிரிவு, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 38ஆம் பிரிவு. 2012இல் மதுரையில், மகளைக் காப்பாற்றக் கணவனைக் கிரிக்கெட் மட்டையால் அடித்துக் கொன்ற ஒரு பெண்ணை, அப்போதைய காவல் கண்காணிப்பாளர் அஸ்ரா கர்க் அந்தப் பிரிவைக் காட்டியே விடுவித்தார். அவளுக்குத் துணையாக இருந்தது வீட்டில் கிடந்த ஒரு மட்டையும், சட்டத்தைப் படித்த ஓர் அதிகாரியும். மட்டை எல்லா வீட்டிலும் இருக்கிறது. அந்த அதிகாரியைப் போன்றவர்கள்தான் எல்லா ஸ்டேஷனிலும் இல்லை. ஒன்றேகால் லட்சத்தை நான் அங்கே செலவழிக்கச் சொல்வேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொங்கு நாட்டில் துப்பாக்கி உரிமம் கேட்கும் குரல் எந்தத் திசையிலிருந்து வருகிறது? தோட்டம் உள்ளவர்களிடமிருந்து. அதாவது என் சாதியிலிருந்து. அதே தோட்டத்தில் களை வெட்டிவிட்டு இருட்டில் காலனிக்கு நடந்து போகும் பெண்ணுக்கு யாரும் கேட்கவில்லை. இத்தனைக்கும் 1995ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் மூன்றாவது விதி, வன்கொடுமை நடக்கும் பகுதிகளில் பட்டியல் சாதி, பழங்குடியினர் அல்லாதவர்களின் ஆயுத உரிமங்களை ரத்து செய்யலாம், தேவைப்பட்டால் அம்மக்களுக்கு உரிமம் கொடுக்கலாம் என்றே சொல்கிறது. அந்த விதியை நிறைவேற்றச் சொல்லி எங்கள் பக்கம் யாரும் மனு கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அண்ணனிடம் இதைச் சொன்னேன். “நீ எதையோ பேசற” என்று எழுந்து போய்விட்டார்.

அம்மாவின் பயம் பொய்யல்ல. சேமலைகவுண்டம்பாளையத்தை நினைத்தால் எனக்கும் தூக்கம் வருவதில்லை. ஆனால் ராத்திரி பத்து மணிக்கு மேல் என்ன வேண்டும் என்று அம்மாவையே கேட்டபோது, வரிசையாகச் சொன்னார். பின்வாசல் கதவுக்கு உள்தாழ்ப்பாள் மாற்ற வேண்டும், அப்பா காலத்திலேயே அது ஆடிப்போயிற்று. ரோட்டிலிருந்து உள்ளே வரும் தடத்தில் இரண்டு விளக்கு. பக்கத்துத் தோட்டத்துக்காரம்மாவும் தனியாகத்தான் இருக்கிறார், அவரை ராத்திரி இங்கே படுக்க வரச் சொல்லலாம், ஆனால் போன வருடம் வாய்க்கால் தண்ணீர் விஷயத்தில் அண்ணன் அவரோடு சண்டை போட்டு வைத்திருக்கிறார், முதலில் அதைத் தீர்க்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை முருங்கைக்காயை மார்க்கெட்டில் போட்டுவிட்டு அம்மாவே அந்த அம்மாவின் வீட்டுக்குப் போய் வந்தார். தாழ்ப்பாளை நான் மாற்றிவிட்டேன். விளக்குக்கு மனு கொடுத்திருக்கிறோம். அண்ணனின் படிவம் அலமாரியில் பால் கணக்கு நோட்டுக்கு அடியில் இருக்கிறது, விண்ணப்பதாரர் பெயர் என்ற இடத்தில் அவர் பெயரோடு.